மூணு தடவை மச்சான்

ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. வந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். இப்படிக் கொடுங்கள், நானே வைக்கிறேன். இப்போது ஆட்டிப் பாருங்கள். இன்னொரு தடவை. கடைசியாக ஒரே ஒரு தடவை. ஆடவில்லை அல்லவா? இனி நிம்மதியாக எழுதலாம்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயரே ‘மூணு தடவை’தான். வைத்தவர் என் தங்கையின் கணவர். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் எல்லோருமாக ரயிலில் கிளம்பினோம். நான் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். தெருமுனையிலிருந்து திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் வாசலிலிருந்து மூன்றாவது முறையும் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் ரயில் போய்விட்டது. பூட்டு சரியாகப் பூட்டியிருந்தது, அதைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. “வாங்க மூணு தடவை மச்சான்” என்று பிளாட்பாரத்தில் வைத்து மாப்பிள்ளை கூப்பிட்டார். பதினோரு வருஷமாயிற்று, அந்தப் பெயர் போகவில்லை.

மச்சான் மாப்பிள்ளைக்குள் கேலி இல்லாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். அதனால் நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் பல் டாக்டர். ஒரு தடவை ஒருவருக்கு வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டு, “விடுங்க, அதுவும் நாளைக்கு வலிச்சிருக்கும்” என்று சமாளித்தவர். அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரிக்கும். பல்லைப் பறிகொடுத்தவர் மறு மாதம் பெண்டாட்டியையும் அவரிடமே கூட்டி வந்தார். சிலருக்கு அப்படி ஒரு முகராசி.

எனக்கு அந்த ராசி இல்லை. நான் சின்ன விமானங்களுக்குக் கருவிகள் பொருத்துகிறவன். ஓடுதளத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட என் பட்டறையை நீங்களே பார்த்தீர்கள். சுவரில் ஒவ்வொரு திருப்புளிக்கும் ஒரு ஆணி, ஆணிக்கு மேலே எண். இருபத்தாறு வருஷத்தில் நான் கைவைத்த ஒரு வண்டியும் பாதியில் தகராறு செய்ததில்லை. போன மாதம் வரைக்கும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை விமானம் வாங்கியபோது அந்த வேலை என்னிடம் வந்தது இயல்புதான். நாலு பேர் உட்காரும் பழைய வண்டி. கடிகாரம் மாதிரி வட்ட வட்டமாக முள் வைத்த கருவிகள் இருந்த பழைய முகப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பெரிய திரைகள் வைத்தேன். புது ரேடியோ, உள்ளே பேசுவதையெல்லாம் பதிந்துவைக்கும் ஆடியோ பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டோபைலட். ஏழு வாரம் ஆயிற்று. பதிவுப் பெட்டியைப் பற்றி நான் விளக்கியதும் மாப்பிள்ளை மைக்கை வாயருகே இழுத்து, “மூணு தடவை மச்சான் வாழ்க, வாழ்க, வாழ்க” என்றார். அந்தப் பெட்டியின் முதல் பதிவு அதுதான். நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆட்டோபைலட் விஷயம் உங்கள் மேலதிகாரிக்குப் புரியவில்லை என்றீர்கள், அதனால் எளிதாகவே சொல்கிறேன். அதை ஓடவிட்டால் வண்டியின் கைப்பிடியை ஒரு மோட்டார் பிடித்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும். பொத்தான் வேலை செய்யாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வரிசையில் மூன்றாவது குமிழை இழுத்தால் போதும், மோட்டார் செத்துவிடும். இரண்டையும் செய்யாமல் கைப்பிடியோடு மல்லுக்கு நின்றால், நீங்கள் மேலே இழுக்க இழுக்க அது பிடிவாதமாக மூக்கைக் கீழே சாய்க்கும். இயந்திரத்துக்குக் கோபமெல்லாம் கிடையாது. யாரோ தவறாக இழுக்கிறார்கள் என்று நினைத்து அது தன் கடமையைச் செய்கிறது.

இதற்காகத்தான் நான் வண்டிக்கு ஒரு அட்டை போட்டுக் கொடுப்பேன். பன்னிரண்டு வரி, லேமினேஷன் செய்தது. ஏழாவது வரி: கிளம்புமுன் ஓடுதள முனையில் நின்று ஆட்டோபைலட்டை ஓடவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, கைப்பிடி இளகுகிறதா என்று பார்க்கவும். ஒன்பதாவது வரி: மூவாயிரம் அடி உயரத்தில் அதையே மறுபடி செய்யவும். இரண்டும் சேர்த்தால் இரண்டு நிமிஷ வேலை.

வண்டியைப் பரிசோதனையாகப் பறக்கவிட்டுப் பார்ப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த அட்டையை மாப்பிள்ளை எடுத்து, பூசை மந்திரம் படிப்பது மாதிரி ராகம் போட்டுப் படித்தார். ஏழாவது வரி வந்ததும் நிறுத்தி, “அமுக்கவும், பிறகு அமுக்கவும், மச்சான் தூங்குறதுக்காக இன்னொரு தடவை அமுக்கவும்” என்றார். பிறகு சூடான பாத்திரத்தை அந்த அட்டையின் மேல் வைத்தார். லேமினேஷன் குமிழி விட்டது. அதுவரைக்கும்கூட நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது என் தங்கையும் சிரித்தாள், தண்ணீர் புரையேறும்வரை சிரித்தாள். அப்பா போன பிறகு அவளுக்குச் சைக்கிள் பழக்கியவன் நான். ஒவ்வொரு நாளும் பிரேக்கை மூன்று தடவை பிடித்துப் பார்த்த பிறகுதான் ஏற்றிவிடுவேன். அவள் கீழே விழுந்ததே இல்லை. மாப்பிள்ளை சொன்னது எனக்கு வலிக்கவில்லை ஐயா. அவள் சிரித்தது வலித்தது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய், சிவப்புப் பொத்தானின் கம்பியை இணைப்பிலிருந்து கழற்றினேன்.

எழுதிக்கொண்டீர்களா? அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள்.

கழற்றிய முனையை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. எங்காவது உரசித் தீப்பொறி வந்தால் ஆபத்து. அதனால் முனைக்கு உறை போட்டு, மற்ற கம்பிகளோடு சேர்த்துக் கட்டி, ‘இணைக்கப்படவில்லை’ என்று ஒரு சீட்டும் ஒட்டினேன். உங்கள் ஆட்கள் உடைந்த பாகங்களுக்குள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நேராக என்னிடம் வந்தார்களாம். இவ்வளவு சுத்தமாகக் கட்ட இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்று உங்கள் இன்ஜினியர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மனுஷன் வேலை தெரிந்தவர். நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி.

என் கணக்கு இவ்வளவுதான். ஏழாவது வரியைப் படித்தால் தரையிலேயே கண்டுபிடிப்பார். “மச்சான், உங்க வேலையில குறை இருக்கு” என்று கத்துவார். நான் “பார்த்தீங்களா, அட்டையோட அருமையை” என்பேன். படிக்காவிட்டால் மூவாயிரம் அடியில் கண்டுபிடிப்பார். அங்கே இடம் தாராளம். கொஞ்சம் வியர்க்கும், ரேடியோவில் என்னைக் கூப்பிடுவார். நான் ஒரு வார்த்தை கேலி பேசிவிட்டு மூன்றாவது குமிழைச் சொல்லிக்கொடுப்பேன். அடுத்த ஞாயிறு சாப்பாட்டில் அந்தக் கதையை நான் சொல்வேன். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறு. இது பேராசையா, சொல்லுங்கள்?

பரிசோதனையின்போது பக்கத்து இருக்கையில் நான் உட்காருவதாகத்தான் ஏற்பாடு. நான் உட்கார்ந்தால் பொத்தானை நானே அழுத்திப் பார்த்துவிடுவேன், என் கை சும்மா இருக்காது. ஆகவே வயிறு சரியில்லை என்றேன். மாப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். “தான் செஞ்ச சமையலைத் தானே சாப்பிட பயப்படறார் பாரு” என்று தங்கையிடம் சொன்னார். “நீ வா, உங்க அண்ணனுக்குக் காட்டலாம்.” அவள் செருப்பை மாற்றிக்கொண்டு ஏறிவிட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்தினீர்கள், கவனித்தேன். ஆமாம், என் கண் முன்னால்தான் ஏறினாள். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். எத்தனை தடவை இழுத்துப் பார்த்தேன் என்று உங்களுக்கே தெரியும். அந்த பெல்ட்டால்தான் அவள் பிழைத்தாள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓடுதள முனையில் அவர்கள் பதினோரு விநாடி நின்றார்கள். பட்டறை வாசலில் கடிகாரத்தோடு நான் நின்றிருந்தேன். பதினோரு விநாடியில் ஏழாவது வரியைச் செய்ய முடியாது. கையில் ரேடியோ இருந்தது. வண்டி ஏறிவிட்டது. சரி, ஒன்பதாவது வரி இருக்கிறதே என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது வரியையும் செய்யவில்லை. செய்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி, தங்கை கொடியில் காயும் துணியைப் பார்த்து, “நீல சட்டை காத்துல பறக்கப் போகுது” என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். நீங்கள்தான் பதிவைக் கேட்டுச் சொன்னீர்கள். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் எந்த நொடியிலும் நான் பேசியிருக்கலாம். ரேடியோ பழுதா என்று முதல் நாளே கேட்டீர்கள். இல்லை. பாட்டரி முழுசாக இருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் முந்திக்கொண்டு சொன்னால் கதை போய்விடும். “நாங்க ஒண்ணும் கேக்கவே இல்ல, தானா வந்து பயப்படறார்” என்பார் மாப்பிள்ளை. இவளும் சிரிப்பாள். அவர்களாகக் கூப்பிட வேண்டும், அதில்தான் சுவாரசியம். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது மாப்பிள்ளை கடைசிவரை ஆட்டோபைலட்டையே ஓடவிட்டார். புதுப் பொருள் அல்லவா, பக்கத்தில் மனைவி வேறு. முந்நூறு அடி உயரத்தில்தான் முதன்முதலாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். தங்கை கூப்பிட்டாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

“அண்ணா, செவப்பு பட்டனை அமுக்கினா ஒண்ணும் ஆகல. இவர் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கார், அது கீழ போகுது. என்ன பண்றது அண்ணா?”

நான் ரேடியோவை வாயருகே கொண்டுபோனேன். வண்டி என் கண்ணுக்கே தெரிந்தது, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. பதற்றமே இல்லாமல், மிக நிதானமாகக் கேட்டேன்.

“மூணு தடவை அமுக்கிப் பாத்தீங்களா?”

அந்த ரேடியோவில் நம் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது. அதனால் விரலை எடுத்தேன். அவர்கள் சிரிப்பது கேட்க வேண்டும் அல்லவா? சிரித்து முடித்ததும் குமிழைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

‘மூணாவது குமிழை இழு’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று பிற்பாடு வீட்டில் கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். நான் கேட்ட கேள்விக்கு ஆனதைவிடக் குறைவுதான். ஒவ்வொரு தடவையும் குறைவாகத்தான் வந்தது.

மாப்பிள்ளை வண்டி விழுந்த வயலிலேயே போய்விட்டார். தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தினமும் போய்க் கட்டில் பக்கத்தில் உட்காருகிறேன், அவள் என் பக்கம் திரும்புவதில்லை. கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள், திருப்பக் கூடாதாம். அதனால்தான். என் மனைவி பார்க்கப் போனபோது மட்டும் கொஞ்சம் திருப்பினாளாம், அப்படிச் செய்யக் கூடாது என்று டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இதைக் கொலை என்று எழுதப்போகிறீர்களா, கவனக்குறைவு என்று எழுதப்போகிறீர்களா, அது உங்கள் இஷ்டம். கவனக்குறைவு என்று மட்டும் எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்தக் குறை என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. கம்பியைக் கழற்றியது நான். தெரிந்தே ஏற்றினேன், தெரிந்தே பேசாமல் இருந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

போடுமுன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவு உங்களிடம்தானே இருக்கிறது? என் ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நான் பொருத்திய பெட்டி நல்ல பெட்டி, மூச்சு விட்டால்கூடப் பதியும். நான் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, வண்டி தரையைத் தொடுமுன், நாலு விநாடி இருந்திருக்கும். அதில் மாப்பிள்ளை சிரித்தாரா? இல்லை என்று தலையை ஆட்டாதீர்கள் ஐயா, நீங்கள் ஒரே தடவைதான் கேட்டிருப்பீர்கள். இன்னும் இரண்டு தடவை போட்டுக் கேளுங்கள்.