பூனைப்பாறையின் சிவப்பு நாடாக்கள்

பிளேன்டீக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை.

தெல்தோட்டைக்கு மேலே இருக்கும் பூனைப்பாறை பற்றி நான்கு வருடத்தில் ஆறு தடவை எழுதி அனுப்பினேன். பத்திரிகையின் கண்டி நிருபர் என்ற முறையில் அது என் கடமை. உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போனால் பள்ளம். அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. கொழும்பில் இருக்கும் செய்தி ஆசிரியர் தம்பிராஜா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்டார்.

"ஆரும் விழுந்தவையோ?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப விழுந்தாப்பிறகு பாப்பம்."

மலையேறுகிறவர்கள் வழி தெரிய மரங்களில் சிவப்பு நாடா கட்டிவைப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் அதை நம்பியே நடப்பார்கள். சித்திரையில் ஒரு ஞாயிறு, வலப்பக்கத்து நாடாக்கள் மூன்றை அவிழ்த்து இடப்பக்கத்து மரங்களில் கட்டினேன்.

கம்பளை மாணவர்கள் நால்வரை ஐந்து மணிநேரம் காணவில்லை. முதல் பக்கம். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு தாயின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, மனது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். முகநூலில் பெற்றோருக்கு அர்ச்சனை. மலையேற்றத்தையே தடைசெய்யச் சொன்னார் ஒருவர். மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்கும். பலகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் எல்லோரும் மறந்தார்கள். போன மாதம் மறுபடியும் கட்டினேன். ஒரு புதுமணத் தம்பதி. அதே அர்ச்சனை, அதே மறதி.

இன்று காலை அடிவாரத்துத் தேத்தண்ணீர்க்கடை ராக்கம்மா அக்கா கேட்டார்: "இன்னைக்கும் யாராச்சும் காணாமப் போவாங்களா தம்பி? வடைக்கு மாவு பத்தாது."

நீங்கள் தேடும் குண்டசாலை மதுஷா அங்கேதான் இருந்தாள். காலில் கொப்புளம் என்று அவள் நண்பன் ருஷ்தி கடையிலேயே தங்கிவிட்டான். அவள் தனியாக ஏறினாள். முன்னதாகவே பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். வயதைத் தவறாகப் போடுவது எனக்குப் பிடிக்காது.

என் பிழை ஒன்றுதான். மாகாணப் பக்கத்தை ஒரு மணிக்கே முடித்துவிடுவார்கள். அதனால் அவள் காணாமல் போன செய்தியைப் பன்னிரண்டரைக்கு அனுப்பினேன். ருஷ்தி பொலிஸில் உங்களிடம் முறைப்பாடு செய்தது மூன்று மணிக்கு. அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

ஓம் சேர், அவளைப் பார்த்தேன். பள்ளத்தில் பாதி ஆழத்தில், ஒரு பாறை விளிம்பில் கிடக்கிறாள். கால் உடைந்திருக்கும் போல. "அண்ணா, ஆக்களக் கூட்டிட்டு வாங்க" என்றாள். வருகிறேன் என்றேன். காலையில் மாற்றிய நாடாக்களை இறங்கும்போது பழைய இடத்தில் கட்டிவிட்டேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் வலப்பக்கம் தேடுகிறார்கள்.

தொலைக்காட்சி வேன் பேராதனையைத் தாண்டிவிட்டதாம். மூடுபனி இறங்கினாலும் அரைமணியில் வந்துவிடும். வந்ததும் அவர்கள் முன்னால் இடத்தைக் காட்டுகிறேன். பலகையையும் இந்த முறை மறக்க மாட்டார்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள், சேர். அந்தப் பிள்ளையின் உயிரில் அக்கறை இல்லாதவனா நான்கு வருடமாகப் பலகை கேட்பான்?