அவளாகவே தேடினாள்

டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு, மேடம். வழிதவறி யாரும் உள்ளே வந்துவிட மாட்டார்கள். அந்த ரப்பர் வாடையைத் தாண்டி இருட்டுப் படிக்கட்டில் ஒருவர் ஏறி வருகிறார் என்றால், அவருக்கு நிஜமாகவே நம்மிடம் காரியம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த நாற்காலியில் உட்காருங்கள். அது ஆடும்.

ஸ்டேஷனிலிருந்து நீங்கள் முதலாளியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள். குடிநோயாளிகளுக்கான அந்த மறுவாழ்வு இல்லத்துக்கு விளம்பரம் செய்தது நாங்கள்தானா என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தீர்கள். நாங்கள்தான். ஆனால் அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. இந்த ஆபீஸில் நாலு பேர் இருக்கிறோம். அவர் பேசுவார். காதில் ஹெட்போன் மாட்டியிருக்கும் தம்பி படம் போடுவான். அந்தப் பெண் எழுத்துப்பிழை பார்ப்பாள். மிச்சமெல்லாம் நான்.

ஒருவருக்குப் பல் வலிக்கிறது. போனை எடுத்துத் தேடுகிறார். எத்தனையோ டாக்டர்களின் பெயர்கள் வருகின்றன. அதில் எங்கள் டாக்டரை முதலில் வரவைப்பது என் வேலை. முதல் பக்கத்தில் வராதவர் ஊரில் இல்லாதவருக்குச் சமம். ஒரு பெயரை மேலே ஏற்ற மாதக்கணக்கில் நாக்குத் தள்ள உழைக்க வேண்டும். ஏறிவிட்டால் டாக்டர் சொல்வார், "நம்ம கைராசி அப்படி." ஓர் இடம் இறங்கினால் நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே எனக்கு போன் செய்வார், "என்னதான்யா பண்றீங்க அங்க?" முதலாளியும் அப்படித்தான். நான் செய்ததை எல்லாம் "நாம பண்ணோம்" என்பார். சறுக்கினால் மட்டும் "நீ பண்ணது."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிக் கொடுப்பேன். தேடி வருபவரிடம் எதையும் சொல்லாதே, அவராகவே கண்டுபிடிக்க விடு. நாம் சொன்னால் சந்தேகப்படுவார். தானே தேடி எடுத்ததைப் பெற்ற தாய் வந்து தடுத்தாலும் விடமாட்டார். இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஒருவருக்கும் உறைத்ததில்லை.

அந்த இல்லத்துக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன், படம் எடுக்க. முன்பக்கம் பூச்செடிகள், ஊஞ்சல், வெள்ளைச் சுவர். பின்னால் ஒரு நீளமான அறை இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் என் தோளில் கை போட்டுத் திருப்பி, "அந்தப் பக்கம் வேண்டாம் சார், வெளிச்சம் பத்தாது" என்றார். நான் ஊஞ்சலைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். படம் நன்றாகவே வந்தது.

இணையத்தில் அந்த இல்லத்தைப் பற்றிக் குறை எழுதியவர்கள் உண்டு. மகனைக் கொண்டுபோய் விட்டுப் பிணமாகத் திரும்பப் பெற்ற ஒரு தாய் எழுதியிருந்தார். தண்ணீர் கேட்டால் அடிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவரின் அண்ணன் உள்ளே போன இரண்டாம் வாரமே செத்திருந்தார். இவற்றையெல்லாம் கீழே தள்ளுவது என் பொறுப்பு. அழிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். அதற்கு அந்தக் குறைகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படிக்க வேண்டும், எந்தச் சொல்லைத் தேடினால் அவை மேலே வருகின்றன என்று பார்க்க. ஆகவே அந்த இல்லத்தில் என்ன நடக்கிறது என்று மேலாளரை விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. முதலாளியிடம் ஒருமுறை சொன்னேன். "நாம வைத்தியமா பண்றோம்? விளம்பரம்தானே?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இனி வீட்டு விஷயம்.

நானும் அம்மாவும் இருந்த வீட்டுக்கு என் தங்கை அவள் கணவரோடு குடிவந்தாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அவர் இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்புறம் ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. பகலில் தூங்குவார். சனிக்கிழமை பழைய சிநேகிதர்களோடு கொஞ்சம் குடிப்பார், பாடிக்கொண்டே வருவார். அவ்வளவுதான் அவருடைய குடி. நான் நியாயமாகவே பேச விரும்புகிறேன், மேடம். அவர் கெட்டவர் இல்லை.

ஆனால் ஜன்னலோரம் இருந்த என் மேஜையை அவர் வந்த வாரமே நகர்த்தினார். கட்டில் போட இடம் வேண்டுமாம். என் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஈரத்தோடு திரும்ப மாட்டுவார். குளியலறையில் விசில் அடிப்பார். நான் வருஷக்கணக்கில் பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த குழாயை யாரும் கேட்காமலே ஒரு மத்தியானத்தில் சரி செய்துவிட்டார். அம்மா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். என்னைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான்" என்பாள். மாப்பிள்ளை உடனே, "காணாமப் போனதைத் தேடிக் குடுக்கிறாரு அத்தை. உங்க மூக்குக்கண்ணாடியச் சொல்லிப் பாருங்க" என்பார். வீடே சிரிக்கும்.

பல் டாக்டரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்த அன்று நான் வீட்டுக்குக் கேக் வாங்கிப் போனேன். அப்படி நான் எதற்கும் வாங்கியதில்லை. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை கேக்கை மென்றபடியே கேட்டார், "நல்ல டாக்டரா இருந்தா தேடாமலே வருவாங்களே மச்சான்?"

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் வாசற்படியில் தடுக்கி விழுந்து பூந்தொட்டியை உடைத்தார். மறுநாள் தங்கை என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, இவருக்குக் குடி அதிகமாயிட்டு வருதோ?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. ஆம்பள, எப்பவாவது குடிக்கிறாரு."

நான் அப்படித்தான் சொன்னேன். அவளைக் கேட்டாலும் அதையே சொல்வாள். ஆனால் என் தங்கையை எனக்குத் தெரியும். பாலில் நுரை வந்தால்கூட ஏன் என்று போனில் தேடுபவள். இதையும் தேடுவாள். எந்தச் சொல்லைத் தட்டுவாள் என்பதுகூட எனக்குத் தெரியும். கூடவே வளர்ந்தவன் இல்லையா.

அந்த வாரம் இல்லத்துக்காக ஒரு கட்டுரை எழுதினேன். கணவர் குடிநோயாளியா என்று மனைவி எப்படித் தெரிந்துகொள்வது என்பது பற்றி. பகலில் தூங்குவார். முக்கியமான பேச்சு வந்தால் வேடிக்கை பேசித் திசைதிருப்புவார். தனியாக இருக்கும்போது பாடுவார், விசில் அடிப்பார். குற்ற உணர்ச்சியை மறைக்க, குழாய் ரிப்பேர் போல யாரும் கேட்காத வீட்டு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். எழுத்துப்பிழை பார்க்கும் பெண் அந்த இடத்தில் நின்றாள்.

"சார், குடிக்கிறவங்க குழாயெல்லாம் ரிப்பேர் பண்ணுவாங்களா?"

"ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க" என்றேன். அவள் ஒரு ஒற்றெழுத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.

விளம்பரத்தை எங்கள் பகுதிக்கு மட்டும், அவள் வயதுப் பெண்களுக்கு மட்டும் காட்டும்படி வைத்தேன். ஒரு தடவை தொட்டுப் பார்த்தவரை அது விடாது. சமையல் குறிப்பு பார்த்தாலும் பக்கத்தில் வந்து நிற்கும். சட்டப்படி இதில் தவறில்லை. எல்லாரும் செய்வதுதான்.

அவள் படிக்கத் தொடங்கியது எனக்கு உடனே தெரிந்தது. திரையில் பெயர் தெரியாது, பகுதி தெரியும், போனின் ரகம் தெரியும். கடைசி வரி வரைக்கும் படித்தாள். மறுநாளும் வந்து படித்தாள். அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை ஏதோ வேடிக்கை சொன்னார். அம்மா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குளியலறையில் விசில் அடித்தபோது அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் இந்த வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில், எழுதிய எழுத்து ஒரு மனிதருக்குள் போய் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

"என்னடி அப்படிப் பாக்கிற? கடன்காரனையா பாக்கிற?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

பிறகு ஒருநாள் அவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கத்தினார். "நானா குடிகாரன்? நானா? உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறது?" அதற்கு முந்தைய நாள்தான் என் இரண்டாவது கட்டுரை வெளிவந்திருந்தது. மறுப்பதுதான் இந்த நோயின் உறுதியான அடையாளம், நோய் முற்றியவர்கள்தான் சத்தம் போட்டு மறுப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். பாவம், அவர் எவ்வளவு மறுத்தாரோ அவ்வளவு அவளுக்கு நிச்சயமாயிற்று. அந்த வாரம் குடியை அடியோடு விட்டுக் காட்டினார். அதற்கும் ஒரு பத்தி இருந்தது.

மூன்றாவது கட்டுரை, வர மறுக்கும் நோயாளிகளை வீட்டுக்கே வந்து அழைத்துப் போவது பற்றி.

அதைப் படித்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, ஒரு இடம் இருக்கு. அனுப்பிடலாம்னு நினைக்கிறேன்."

"அவசரப்படாதம்மா. நல்லா விசாரிச்சுக்க. நாலு பேர் என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு."

அவள் ஒரு வாரம் விசாரித்தாள், போனில்தான். மறுபடி வந்து சொன்னாள், "நல்லாத் தேடிப் பாத்துட்டேண்ணா. ஒருத்தர்கூட அதைப் பத்திக் குறை எழுதல."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அந்த இல்லம் எங்கள் வாடிக்கையாளர் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அவள் கேட்கவில்லை, மேடம். வீட்டில் யாருமே என் வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

வேன் காலையில் வந்தது. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். தடித்த ஆட்கள் மூன்று பேர். லுங்கியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் தங்கையைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைத்தான் பார்த்தார்.

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க மச்சான்."

"நல்லபடியா போயிட்டு வாங்க மாப்ளே. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றேன். கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டேன்.

பின்னறையில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்துப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். அங்கிருந்து அவர் சிரித்துக்கொண்டு திரும்பி வரமாட்டார் என்று தெரியும். திரும்பாமலே போகக்கூடும் என்பதும் தெரியும். அந்தத் தாய் எழுதியதைத் தள்ளியவன் நான். அன்று மத்தியானம் என் மேஜையை மறுபடி ஜன்னலோரம் போட்டேன்.

அவர் செத்தது மாரடைப்பில் என்று இல்லத்தில் சொன்னார்கள். இரண்டு மணிக்கட்டிலும் காயம் இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்தி இணையத்தில் வந்தது. அதைக் கீழே தள்ளச் சொல்லி முதலாளியிடம் மேலாளர் கேட்க, முதலாளி என்னிடம் சொன்னார். செத்தது என் வீட்டு மாப்பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. சொந்தத்தில் துக்கம் என்று மட்டும்தான் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். காரியமெல்லாம் முடிந்து வந்து அந்தச் செய்தியைத் தள்ளினேன். முதலாளி தட்டிக் கொடுத்து, "நாம பண்ணா பண்ணதுதான்" என்றார்.

இப்போது என் தங்கை வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு சொல்கிறாள், "நான்தான் தேடினேன். நானே தேடித் தேடி, என் கையாலயே அனுப்பி வச்சேன். எங்கண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கல." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதை அவ கேட்டிருக்கக் கூடாதா?" என்று அழுகிறாள். முதல் முறையாக என்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகப் பேசுகிறாள். சொல்லாத புத்திமதிக்காக. செய்ததைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

அதனால்தான் நீங்கள் கேட்காமலே இதையெல்லாம் சொல்கிறேன். அவள் மனப்பாரம் குறைய வேண்டும், அவ்வளவுதான், வேறு நோக்கம் இல்லை. அவள் எதையும் தேடவில்லை, மேடம். தேடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்த்த ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. பார்க்காமல் போன ஒவ்வொரு வரியும் நான் தள்ளியது. அவரைக் கொன்றது நான். முதலாளிக்கு இதில் பங்கில்லை. அந்தப் பெண் ஓர் ஒற்றெழுத்து போட்டாள், அதைப் பெரிதாக எழுத வேண்டாம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், மேடம். கொலை என்று எழுதிக்கொண்டீர்கள், சரி. ஆனால் அந்த மூன்றாவது கட்டுரைக்கு நான் எப்படித் தலைப்பு வைத்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை.