ஹாலமுக்கு நான் தேடித் தந்த புகழ்

எனக்கு ஸ்பாஞ்ச் கேக் நன்றாக வரும். அடிலெய்டில் நாங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் யாருடைய கட்டுரை வெளியானாலும் அவர்தான் காலைத் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும். எங்கள் தலைவர் பேராசிரியர் ராஸ் ஹாலமுக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. அதனால் அவர் கட்டுரைகளுக்கும் நான்தான் செய்தேன். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்தச் சிறுநீரகக் கட்டுரைக்கும் நான்தான் செய்தேன், பாஷன் பழக் கிரீம் தடவி.

அந்தக் கட்டுரையின் வேலை முழுக்க என்னுடையது. சிறுநீரகச் செல்களைக் குடுவையில் வளர்த்து, அவருடைய மருந்தை ஊற்றி, பிறகு நஞ்சு கொடுத்துப் பார்த்தேன். செல்கள் சாகவில்லை. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆனால் அச்சில் வந்தபோது ஆசிரியர் வரிசையில் என் பெயர் இல்லை. கேட்டேன்.

ஹாலம் கேக்கை மென்றுகொண்டே, "கடைசியில நன்றின்னு போட்டு உன் பேர் இருக்கே, நெரிடா. அது போதாதா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய செயலாளர் ரோண்டா மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கழிப்பறைக்கு இழுத்துப்போய் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்தாளு நாசமாப் போவான்டி, நீ அழாத" என்றாள். அழுதது அன்றோடு சரி. அதற்கப்புறம் வயிற்றெரிச்சல்தான்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அந்தச் செல்களில் கொஞ்சம் உறையவைத்து எடுத்துப் போனேன். அங்கே சோதித்துப் பார்த்தால், அவை சிறுநீரகச் செல்களே இல்லை. பக்கத்துக் குடுவையில் வளர்ந்த புற்றுநோய்ச் செல்கள் எப்போதோ ஒரு துளியில் வந்து விழுந்து, பெருகி, மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன. எங்கள் தொழிலில் இது நடப்பதுதான். அந்தச் செல்களுக்கு அந்த நஞ்சு உறைக்காது. மருந்து எதையும் காக்கவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஹாலம் ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டு மறுநாள் கோல்ஃப் ஆடப் போயிருப்பார். தரையில் நிற்கிற ஆளைத் தள்ளினால் முழங்கால்தான் சிராய்க்கும். முதலில் அவரை மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

எங்கள் உலகத்தில் ஒருவரை மேலே ஏற்றுவது மேற்கோள். உன் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக் காட்டுகிறார்களோ, அவ்வளவு பெரிய ஆள் நீ. நான் எழுதியதில் எல்லாம் ஹாலமை மேற்கோள் காட்டினேன். பிறருடைய கட்டுரைகள் மதிப்பீட்டுக்கு என்னிடம் வந்தால், ஹாலமைச் சேர்க்காதது பெரிய குறை என்று எழுதினேன். மருந்தைத் தாங்களும் சோதிக்க நினைத்தவர்கள் அவரிடம் செல் கேட்டார்கள். அவர் சோம்பேறி, பதில் போட மாட்டார். என்னிடம் கேட்டார்கள், நான் எடுத்துப் போனதிலிருந்து அனுப்பினேன். மெல்போர்ன், ஆக்லாந்து, ஒசாகா. என் செல்களில் செய்து பார்த்தவர்களுக்கெல்லாம் ஹாலமுக்கு வந்த விடையே வந்தது. அவர்களும் மேற்கோள் காட்டினார்கள். எண்ணிக்கை ஏற ஏற எனக்கு மனசு குளிர்ந்தது.

பிறகு மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்த வருடம் ரோண்டாவுக்குக் கருப்பையில் புற்று. அதற்கான சிகிச்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், ஹாலமின் மருந்துச் சோதனையில் சேரச் சொல்லியிருந்தார்கள். சேர்ந்தால் அந்த மருந்தை நம்பி, சிகிச்சையின் அளவைக் குறைக்காமல் கொடுப்பார்கள். அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீ சொல்லுடி. நம்பிச் சேரட்டுமா?"

அந்த மாதம்தான் அறிவியல் கழகம் ஹாலமை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க இருந்தது. இன்னும் ஒரே ஒரு படி. நான் அவளுக்குத் தேநீர் ஊற்றினேன். "சேருடி, நல்ல மருந்து" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வாயால கேட்டாதான் எனக்கு நிம்மதி" என்றாள்.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் போயின. அவளைப் போல இன்னும் சிலருக்கும். ஹாலம் கழகத்துக்குத் தேர்வானார். விருந்துக்கு நான் கேக் செய்து அனுப்பினேன்.

ரோண்டாவை அடக்கம் செய்த வாரம் என் கட்டுரையை அனுப்பி வைத்தேன். குடுவையில் இருந்தது என்ன செல், யார் பொறுப்பில் வளர்ந்தது, மருந்தால் யார் யார் செத்தார்கள், எல்லாம் அதில் இருந்தது. ஹாலமின் பதவி போனது, கழகம் போனது, கடற்கரை வீடும் போனது. இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். தெரிந்துதான் செல்களை அனுப்பினேன். தெரிந்துதான் ரோண்டாவைச் சேரச் சொன்னேன். ஆனால் நான் அவளை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று அவள் கணவர் கெவின் சொல்லியிருக்கிறாரே, அது அநியாயம். என் கட்டுரையை எடுத்துப் பாருங்கள், இன்று எல்லா நாட்டிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். கடைசியில் நன்றி என்று போட்டு அவள் பெயர் இருக்கிறது. அது போதாதா?