அகத்தி முறித்த மருந்து

ரயில் வராத காலம். நெடுங்கொடிக்கால் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மிராசுதார் இருந்தானாம். அவன் பெயர் வேண்டாம், வாய் கூசும். செய்ததை மட்டும் வரிசை மாறாமல் சொல்கிறேன்.

முதலில் சேரிக் கிணற்றைத் தூர்த்தான். அடுத்து, குளத்தில் இறங்கியவனைச் சாணிப்பால் குடிக்க வைத்தான். அதற்கடுத்து, தன் கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர நட்ட அகத்தியில் ஓர் இணுக்குக் கீரை கிள்ளியவளின் விரலை ஒடித்தான். அதற்கும் பிறகுதான் மருந்து வைத்தான்.

மருந்தாம் மருந்து! பொங்கலன்று பண்ணையாட்களுக்கு ஆளுக்கொரு கறுப்பு உருண்டை. "வாய்க்காலைத் தாண்டி வேற பண்ணைக்குப் போனா வயிறு வெந்து சாவீங்கடா" என்றானாம். ஒருவன் தாண்டினான், செத்தான். ஊரெல்லாம் காலராவில் செத்த வருஷம் அது. ஆனாலும் நம்பினார்கள். சாட்டைக்கு அஞ்சாதவன் உருண்டைக்கு அஞ்சினான். தூ!

தொழுவத்தில் ஒருத்தி சாணி அள்ளினாள். பண்ணையில் அவளுக்குப் பெயரே "ஏய் சாணி"தான். அவள் மகளை வீட்டு வேலைக்கு அனுப்பச் சொன்னான் மிராசு. அந்த வீட்டுக்குள் போன பெண் எவளும் முழுசாகத் திரும்பியதில்லை. மகளோடு அக்கரை போகலாம் என்றால், இருவர் வயிற்றிலும் உருண்டை.

அன்று மிராசின் மூட்டுவலிக்கு வைத்தியர் வந்தாராம். "மருந்து சாப்பிடுற வரைக்கும் அகத்தியைத் தொடாதீங்க. எந்த மருந்தையும் முறிச்சுப்புடும்" என்றாராம். தொழுவத்தில் இருந்தவள் காதில் விழுந்தது. சிரித்தாளாம்.

சேரிக்கு ஓடினாள். "முறிவு அவன் கொடிக்கால்லயே நிக்குது!"

"அவன் மருந்தைக் கீரை முறிக்குமா?" என்றார் அவள் மாமனார்.

"மருந்து நெசமுன்னா முறிவும் நெசம். ரெண்டும் பொய்யின்னா பயமும் பொய்யி. இதுல எதுக்கு மாமா உங்க வேட்டி நனையுது?"

பட்டப்பகலில் மடி நிறையக் கீரை ஒடித்தாள். அவித்தாள். மகளுக்கு ஊட்டினாள், தானும் தின்றாள். மிராசு ஓடி வந்தான்.

"ஏய் சாணி, தாண்டினா சாவடி!"

"உங்க வைத்தியர் சொன்ன முறிவுதான் ஆண்டே. நீங்களும் ரெண்டு வாய் தின்னுங்க, கொழுப்பு முறியும்."

மகள் கையைப் பிடித்து வாய்க்காலில் இறங்கினாள். ஏறினாள். பொழுது சாயும்வரை எல்லோரும் பார்க்க அக்கரையில் நின்றாள்.

"வயிறு எரியுதாடி?" என்று இக்கரையிலிருந்து கேட்டார்கள்.

"பசிதான் எரியுது. மிச்சக் கீரையைத் தின்னுட்டு வாங்க!"

மறுநாள் நாற்பது குடும்பம் தாண்டியதாம். அந்தக் கரைதான் அகத்திக்கரை. பொங்கலுக்கு மறுநாள் அங்கே கீரை அவிக்கிறோம். சாணி அள்ளியவளின் பெயரை வாசிக்காமல் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. தெருவுக்கு இரண்டு பேர் சாட்சி. சாட்சி எதற்கா? அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்கிறார்கள் மிராசின் பேரர்கள்.

சாட்சிகள் எழுந்து நில்லுங்கள். வாசிக்கிறேன்:

சடையன் மகள் உருமாயி.