நாற்பது விநாடி

இந்த நாற்காலி ஆடும் மேடம். இடது பக்கக் கால் குட்டை. பயிற்சியில இருந்தப்ப ஒரு காகிதத்தை மடிச்சு அடியில வச்சிருந்தேன், பெருக்குறவங்க எடுத்துட்டாங்க போல.

பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டாம். அது என் குரல்தான். அந்த மேசை போன்ல யார் பேசினாலும் பதிவாகும், வருஷத்துக்கு ஒரு தடவை சிலதை எடுத்துக் கேப்பாங்கன்னு சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தாங்க. தெரிஞ்சுதான் பேசினேன். மறைக்கணும்னு நினைச்சிருந்தா அதுல பேசியிருப்பேனா, நீங்களே சொல்லுங்க.

பட்டம் வாங்கின கையோட இந்த வங்கி எங்க பன்னிரண்டு பேரை எடுத்துச்சு. ஒன்றரை வருஷப் பயிற்சி. நானும் பாப்பாவும் ஒரே அறையில தங்கினோம். பாப்பா அவ பேர் இல்ல. இருபத்திமூணு வயசுப் பொண்ணை அவங்க அப்பா போன்ல பாப்பா பாப்பான்னு கொஞ்சுறதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அந்த மனுஷன் எதுவா இருந்தாலும் மகளைக் கேட்டுத்தான் செய்வார். ஒரு தடவை கடையில நின்னுக்கிட்டு, "பாப்பா, மின்விசிறி வெள்ளை வாங்கவா, காப்பிக் கலர் வாங்கவா?"ன்னு கேட்டார். பின்னாடியே அவங்க அம்மா, "அவளை வேலை பார்க்க விடுங்க, உங்களோட பெரிய ரோதனை"ன்னு திட்டுறது கேட்டுச்சு. வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்த அம்மா குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசித் தேர்வு எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். நாலு பேர் ஒரு குழு. மூணு பேர் கண்ணாடி அறைக்குள்ள, ஒருத்தர் வெளியில மேசை போன்ல. தேர்வு அதிகாரிகளே வாடிக்கையாளர் மாதிரி கூப்பிடுவாங்க, அதைக் குறிச்சு உள்ள கொடுக்கணும். எங்க கைபேசி எல்லாம் காலையிலேயே பெட்டிக்குள்ள போயிடும். நடுவுல ஒருத்தர் எழுந்து போனாலும் நாலு பேருக்கும் தேர்வு ரத்து, மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்னிக்கு வெளியில உட்காந்தது நான், பாப்பா உள்ள. எனக்கு ஏற்கெனவே ரெண்டு பிரிவுல மதிப்பெண் குறைவு. அதை நான் காரணமாச் சொல்லல.

பதினொண்ணு பத்துக்குப் பாப்பாவோட அப்பாகிட்ட இருந்து முதல் அழைப்பு. அவசரத்துக்குன்னு எல்லாரும் வீட்டுல அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், பாப்பாகிட்ட சொல்லிடும்மான்னார். சரிப்பான்னேன். வழுக்கி விழுறது எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதானே. நாலு மணிக்குத் தேர்வு முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு ஒரு சீட்டுல எழுதி வச்சேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அவர். தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். உடனே ஆபரேஷன் பண்ணணும், பண்ணினாலும் பாதிக்குப் பாதிதான், கையெழுத்துப் போடுங்கன்னு டாக்டர் சொல்றாராம். "எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாப்பா சொல்லாம நான் எப்படிம்மா போடுவேன்?" கேட்டுச் சொல்றேன்பான்னு வச்சுட்டேன்.

நான் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல மேடம். யோசிச்சேன். விஷயம் தெரிஞ்சா அவ அந்த நிமிஷமே எழுந்து ஓடிடுவா. பஸ்ல அஞ்சு மணி நேரம். போய் என்ன பண்ணப் போறா, அவ டாக்டரா? அந்த வீட்டுக்கு அவ சம்பளம்தான். அம்மாவும் போய், வேலையும் போனா என்ன ஆவாங்க? யாராவது ஒருத்தர் நிதானமா இருக்கணும் இல்லையா.

பன்னிரண்டு முப்பத்தஞ்சுக்கு மூணாவது. நீங்க கேட்டது அதைத்தான். "நேரம் இல்லைங்கிறாங்கம்மா. பாப்பா என்ன சொன்னா?" இருங்கப்பா, கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு ரிசீவரை மேசை மேல வச்சேன். திரும்ப எடுத்து, "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாமாம். நான் வந்து பார்த்துக்கிறேன், பொறுங்கன்னு சொல்றா"ன்னேன். "அப்படியா சொன்னா?"ன்னு கேட்டார். ஆமாப்பான்னேன். "சரிம்மா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒருத்தர் சொன்னதை வச்சு எதையும் செய்யாதே, சம்பந்தப்பட்டவங்களையே கூப்பிட்டு உறுதி பண்ணிக்கோ. வங்கியில முதல் பாடமே அதுதானே. பாவம், அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கல.

மூணேகாலுக்கு அந்த அம்மா போயிட்டாங்க. நாலு மணிக்குத் தேர்வு முடிஞ்சுது. எங்க குழுதான் முதல். இப்பத்தான் போன் வந்துச்சுன்னு அவகிட்ட சொன்னேன். பஸ்ல கூடவே போனேன். வழி முழுக்க என் தோள்லதான் சாஞ்சிருந்தா. பச்சைத் தண்ணி பல்லுல படலையேன்னு நான்தான் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் குடிக்க வச்சேன்.

பதினோரு மாசம் ஆச்சு. "ஏன் பாப்பா வேண்டாம்னு சொன்ன?"ன்னு அவர் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மகளைக் குத்திக் காட்டின மாதிரி ஆயிடும்னு நினைக்கிறார். ஏன்பா எனக்கு முன்னாடியே சொல்லலன்னு அவளும் கேக்கல. அப்பா மனசு நோகும்னு பார்க்குறா. ரெண்டு பேரும் பேசுறதே குறைஞ்சு போச்சு. இப்பல்லாம் அவர் எது கேக்கணும்னாலும் என்னைத்தான் கூப்பிடுறார். போன வாரம், கண் ஆபரேஷன் பண்ணிக்கவாம்மான்னு கேட்டார். பண்ணிக்கோங்கப்பான்னேன்.

நடுவுல சத்தமே இல்லாத அந்த நாற்பது விநாடியில உள்ள போய்க் கேட்டியான்னு கேட்டீங்க. போகல. ஒரு ஆள் எழுந்து போய்க் கேட்டுட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்காந்திருந்தேன். பாப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தா. கையை நீட்டித் தட்டியிருந்தா திரும்பியிருப்பா.

இந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டுவீங்களா? இன்னிக்கு வேண்டாம் மேடம். நாளைக்கு அவளுக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருக்கு. அது முடியட்டும், நானே நேரம் பார்த்துச் சொல்லிக்கிறேன்.