அவர் தமிழில் கத்தினார்

ஓடுகிறோம். சந்து குறுகல். இரண்டு பக்கமும் மண்சுவர். முன்னால் என் மாமியார், நெஞ்சோடு ஒரு துணி மூட்டை. அடுத்து நான். எனக்குப் பின்னால் நாத்தனார் ஆ மோய். கடைசியில் என் வீட்டுக்காரர். ஆற்றில் படகு நிற்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்காரரின் ஊரில் இருந்த நாட்களில் சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகியிருந்தேன். தூரத்தில் குண்டு விழுந்தால், யாரோ கதவை அறைந்து சாத்துவதுபோல் இருக்கும். தலைக்கு மேல் தாண்டிப் போனால் துணி கிழிகிற சத்தம். நம்மை நோக்கி வந்தால் விசில்.

விசில் கேட்டது.

"படு! தரையில படு!"

வீட்டுக்காரரின் குரல். மாமியாரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே விழுந்தேன். வாயெல்லாம் மண். நிலம் ஒருமுறை எங்களைத் தூக்கிப் போட்டது.

என் பெயர் பாக்கியம். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் சீனர். புருஷன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. சாட்சி சொல்லும்போது சொல்லாமல் முடியாது. ஆ சோங்.

சிறு பையனாகக் கப்பலேறி வந்தவர். எங்கள் தோட்டத்துக் கடையில் வேலை. சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு, தொழிலாளிகள் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக வருவார். அப்படித்தான் தமிழ் கற்றார். அப்படித்தான் என்னையும் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஈப்போவுக்கு வந்துவிட்டோம். குனோங் ராபாட் மலையடியில் ஈயம் தோண்டும் சுரங்கம் ஒன்றில், லம்பம் என்போம், மண் வெட்டினார். வீட்டில் நாங்கள் பேசியது தமிழ். கணக்குப் போடும்போது மட்டும் அவருக்குச் சீனம் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். புரட்டாசி. சீனாவிலிருந்து திரும்பிய ஓர் ஆள் லம்பத்துக்கு வந்து சேதி சொன்னார். இரண்டு சேனைகள் சண்டை போடுகின்றன. என் வீட்டுக்காரரின் ஊர் நடுவில் மாட்டிக்கொண்டது. அப்பா ஏற்கெனவே செத்துப்போனார். வீட்டில் அம்மாவும் தங்கையும் மட்டும். அந்த ஆள் இன்னொன்றும் சொன்னார். கண்ணில் படும் ஆண்களையெல்லாம் இரு தரப்பும் மூட்டை தூக்கப் பிடித்துப் போகின்றன. போனவர்கள் திரும்புவதில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை.

"எங்கம்மா, தங்கச்சி, ரெண்டு பேரும் அங்க இருக்கு. நா போயி கூட்டியாரேன். நீ வராத," என்றார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு சுங்காய்க்குப் போய் என் அண்ணனிடம் சொன்னேன். அவர் பால்மரம் வெட்டிவிட்டு வந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே போகக்கூடாது என்றார். அம்மாவை ஹாங்காங் வரைக்கும் யாராவது கொண்டுவந்து விடட்டும், அங்கே போய்க் கூட்டிக்கொள்ளலாம் என்றார். யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"குண்டு போடுறான்னு தெரிஞ்சே போறியா? புள்ளைய நெனச்சுப் பாரு லா," என்றார்.

"நெனச்சுத்தாண்ணே சொல்றேன். தனியா போற ஆம்பளயப் புடிச்சிட்டுப் போறானுங்களாம். பொண்டாட்டி கூட இருந்தா வுட்டுருவானுங்க. புள்ள அண்ணிகிட்ட இருக்கட்டும்."

அண்ணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மகளுக்கு அப்போது நான்கு வயது. நாங்கள் புறப்பட்டபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பினாங்கில் கப்பல். ஹாங்காங்கில் இறங்கி ரயில். பிறகு ஆற்றில் படகு. படகுத்துறையில் சிப்பாய்கள் நின்றார்கள். கயிற்றில் கட்டிய ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒரு சிப்பாய் அவர் தோளைத் தொட்டான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சேலை கட்டிய கறுப்பு மனுஷியை அவன் பார்த்ததே இல்லை போலும். என்னவோ கேட்டான். வெளிநாட்டுப் பெண், என் மனைவி என்று அவர் சொன்னார். அவன் சிரித்தான். விட்டுவிட்டான்.

நான் நினைத்தது பலித்தது. அப்படித்தான் அன்று நம்பினேன்.

மாமியார் என்னைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஆ மோய்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். என் கண்ணாடி வளையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரே நாளில் புறப்பட நினைத்தோம். பாதை அடைத்துவிட்டார்கள். ஐப்பசியில் சண்டை ஊருக்குள் வந்தது. விடிந்ததும் குண்டு. வெயில் ஏறினால் குண்டு. சோறு வடிக்கும்போது குண்டு. படகு இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன காலையில்தான் ஓடினோம்.

அந்தச் சந்துக்குத் திரும்புகிறேன்.

அவர் தமிழில் கத்தினார். சொந்த ஊரில், சொந்த அம்மாவுக்கும் தங்கைக்கும் முன்னால், வாயில் வந்தது தமிழ். அத்தனை வருஷம் வீட்டில் பேசிய பாஷை. எனக்குப் புரிந்தது. விழுந்தேன். ஆ மோய்க்குப் புரியவில்லை. அண்ணன் என்ன சொல்கிறார் என்று திரும்பினாள். நின்றபடியே திரும்பினாள்.

புகை விலகியபோது சுவரோரம் கிடந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வயிறு இல்லை.

அவர் எழுந்தார். அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஓடக்கூட இல்லை.

"எந்திரிக்காதீங்க! படுங்க!"

நான் கத்தினேன். மறுபடி விசில். அவர் குனிந்து தங்கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணனையும் தங்கையையும் ஒரே குழியில் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தோண்டினார். நானும் மாமியாரும் கையால் மண் தள்ளினோம். இருட்டும்வரை குழியோரம் இருந்தோம். பிறகு படகு.

கப்பலில் ஒரு மாலை மாமியார் என் முழங்கையைத் தொட்டார். மகன் கடைசியாக என்ன கத்தினான் என்று கேட்டார். அவர் பாஷையில் எனக்குக் கொஞ்சம் தெரியும். கீழே படுக்கச் சொன்னார் என்றேன். மாமியார் அதை அவர் பாஷையில் மெல்ல இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சுங்காய் ஸ்டேஷனில் அண்ணன் நின்றார். எங்கள் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார். ரயில் போனது. அவர் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

இழந்தவர்களைச் சொல்கிறேன். ஆ சோங், என் புருஷன், வயது முப்பத்தொன்று. ஆ மோய், அவர் தங்கை, வயது பதினேழு, கல்யாணம் பேசியிருந்தார்கள். அந்தச் சந்தில் இன்னும் பலர் கிடந்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. வீடு போனது. மாமியாருக்கு இடது காது போனது. என் மகள் அண்ணியை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமியார் உயிரோடு வந்தார். அவரைக் கூட்டிவரத்தான் போனோம். கூட்டிவந்துவிட்டேன்.