கிராம்புச் சக்கை

எங்கள் வீட்டில் காபி டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கும் பழக்கம் கிடையாது, ஸுப்ரியா. தூக்கித்தான் குடிப்போம். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும் நான் அதை மாற்றிக்கொள்ளவில்லை. வாய் பட்டால் எச்சில். அந்த சிகரெட் பாக்கெட் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்கள். இதை முதலில் சொன்னால்தான் அது புரியும்.

என் கணவர் ராமபத்ரன் நல்ல மனிதர். சுக்கு மண்டியில் மேனேஜர். நாளுக்கு இருபது சிகரெட், எல்லாம் பின்வராந்தாவில். பிடித்ததும் குழாயடியில் வாய் கொப்பளித்து, கால் கழுவி, அடுக்களை வாசலில் நின்று, "உள்ளே வரலாமோ?" என்று கேட்பார். என் மூக்குக்கு ஆகாது என்று வேறு அறையில் படுத்துக்கொள்வார். எங்கள் தாம்பத்தியம் அப்படி அமைதியாகவே நடந்தது.

போன வருஷம் அவருடைய கால்விரல்கள் கறுத்தன. டாக்டர் இரண்டு விரல்களை எடுத்தார். இனியும் பிடித்தால் கால் போய்விடும் என்றார். அப்போதுதான் சிகரெட்டை விடுவதற்காகக் கலூரில் நீங்கள் நடத்தும் கூட்டத்துக்கு வந்தார். நீங்கள் கொடுத்த அட்டையில் 'துணை' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆசை வந்தால் கிராம்பு மெல்ல வேண்டும். துணையின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தைக் கடத்த வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

விட்டுவிட்டார். நான்கு மாதம் ஒன்றுகூடத் தொடவில்லை. அடுக்களைக்குள் கேட்காமல் வரத் தொடங்கினார்.

"கங்கா, கையைத் தா. அஞ்சு மினிட்டு போறும்."

விரலெல்லாம் எச்சில் ஈரம். மென்ற சக்கையை ஜன்னல் விளிம்பில் வைப்பார், மிக்ஸி மூடியில் வைப்பார். ஒருநாள் ஏதோ பேசிக்கொண்டே என் உள்ளங்கையில் துப்பினார். கறுப்பாக, நாரோடு, வெதுவெதுப்பாக இருந்தது. "நீயாக்கும் எனக்கு மருந்து" என்று சிரித்தார். புகை போனபிறகு அவருடைய சொந்த வாடை தெரிந்தது. அது என் தலையணை வரைக்கும் வந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருந்தது.

கொச்சங்காடியில் இசக்கிதுரையின் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன்.

"அய்யா விட்டுட்டாருன்னாங்களே, அக்கா?"

விருந்தாளிக்கு என்றேன்.

பின்வராந்தாவின் அரைச்சுவரில் அதை வைத்தேன். பக்கத்தில் தீப்பெட்டி. சாம்பல் தட்டும் பழைய தேங்காய்ச் சிரட்டையையும் கழுவி வைத்தேன். அன்று சாயங்காலம் வேர்த்துப்போய் உள்ளே வந்தார்.

"யாரோ வெச்சிருக்கா. அதை எடுத்துக் களஞ்சுடு, கங்கா. தொடவே பயமா இருக்கு."

எடுத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். கையை நீட்டினார். என் கையில் மாவு இருந்தது. மறுநாளும் மாவு. ஒன்பது நாளும் அந்த நேரத்துக்கு நான் சப்பாத்திக்குப் பிசைந்தேன். அவர் பிசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு வெளியே போவார். பாக்கெட் அங்கேயே இருந்தது.

பத்தாம் நாள் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாய் கொப்பளித்தார், கால் கழுவினார். வாசலில் வந்து நின்றார்.

"உள்ளே வரலாமோ?"

எனக்கு வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் பசித்தது. அந்தப் பாக்கெட் தீர்ந்தபோது அடுத்ததையும் நானே வாங்கி வைத்தேன்.

ஓணம் கழிந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டார். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லையே என்று அழுதார். நான் மன்னித்துவிட்டேன். மனதார மன்னித்தேன், அதில் பொய் இல்லை.

வலது காலையாவது காப்பாற்றலாம் என்கிறீர்கள். புது அட்டையும் கொண்டுவந்திருக்கிறீர்கள். 'துணை' என்ற இடத்தில் வேறு யார் பெயரையும் எழுதிவிடாதீர்கள். பேனாவைத் தாருங்கள். என்னைப்போல அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?